இரவல் மூக்கு

காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து வெர்னாவுக்கு வாசனையே தெரிவதில்லை. எடைப் போட்டிக்கு ராட்சதப் பூசணி வளர்க்கிறவளுக்கு இதைவிடப் பெரிய இழவு வேண்டாம். இலையில் படரும் வெள்ளைச் சாம்பல் நோயைக் கண்ணால் பார்த்து மருந்தடித்துவிடலாம். கொடியின் தூரில் பிடிக்கும் அழுகலோ முதலில் மூக்குக்குத்தான் தெரியும், புளித்த பீர் வாடையாக. அப்போதே செதுக்கி எடுத்து, கந்தகம் தூவி, மின்விசிறி வைத்து உலர்த்தினால் காய் பிழைத்துக்கொள்ளும்.

ஆகஸ்டில் நோவா ஸ்கோஷியா மாகாணத்துப் பூசணிக்காரர்கள் வழக்கம்போல ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்க்கக் கிளம்பினார்கள். வெர்னா பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, தூரைக் கொஞ்சம் மோந்து பாருங்களேன். எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சே."

டெல்பர்ட் மண்டியிட்டு மோந்தார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"ஈர மண்ணு வாசம்தான் தாயீ. வேற ஒண்ணுமில்ல."

அக்டோபரில், எடை போடும் திடலில் வெர்னாவின் காயைத் தூக்கியதும் காம்புப் பக்கம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தூரின் அழுகல் கொடி வழியே காய்க்குள் இறங்கியிருந்தது. ஓட்டை விழுந்த காய்க்குப் போட்டியில் இடமில்லை. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

முதல் பரிசு டெல்பர்ட்டுக்கு. அவர் மனைவி லோர்னா ஓடிவந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டாள்.

"விடு வெர்னா. அன்னிக்கு உன் தோட்டத்துலேர்ந்து வந்ததுமே இவரு, 'தூரு புளிச்சு நாறுது, இனி தேறாது'ன்னாரு. நீயும் எவ்வளவுதான் போராடுவ?"

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். டெல்பர்ட் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை.