இருநூற்று முப்பது வோல்ட்

எங்கள் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவுக்கு மின்சாரம் மாணவர்களின் திருப்தியிலிருந்து வருகிறது. வேறு இணைப்பு கிடையாது.

நான் மின் இயந்திரப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பு நூற்றெழுபது வோல்ட்தான் தருகிறது. இருநூற்று முப்பது தராத ஆசிரியரை மின்விசிறியாக மாற்றிவிடுவார்கள். எனக்கு முன்பு இருந்த பெரியநாயகம் சார் இப்போது என் தலைக்கு மேல் சுற்றுகிறார். மெதுவாகத்தான் சுற்றுகிறார். அதற்கும் நானே காரணம்.

செவ்வாய்க்கிழமை அளவை அதிகாரி லூர்துமேரி வந்தார். கையில் வோல்ட்மீட்டர். பையில் என்னை மின்விசிறியாக்கும் ஆணை. கையெழுத்து மட்டும் பாக்கி.

"மத்தியானம் மணி அடிக்கிற வரைக்கும் டைம் இருக்கு. நடத்துங்க சார்."

கரும்பலகையில் ஒரு வரையறையை எழுதினேன். மீட்டர் முள் நூற்று நாற்பதில் நின்றது. ஒரு ஜோக் சொன்னேன். முள் இருநூற்றுக்கு ஏறி இறங்கியது.

"அது மரியாதைக்குச் சிரிச்சது. கழிச்சிருவோம்," என்றார் லூர்துமேரி.

எல்லோரும் நல்ல பிள்ளைகள் என்று பாராட்டினேன்.

"எல்லாருமா சார்?" என்றான் கடைசி பெஞ்ச் இன்பராஜ். நூற்று முப்பது.

மேலிருந்து பெரியநாயகம் சார் சொன்னார்: "எண்ணெய் போட்டா வலிக்காது சார். பழகிரும்."

செய்முறைக்கு அஃப்ரினை அழைத்தேன். அவள் இதுவரை வகுப்பில் வாய் திறந்ததில்லை. மோட்டாரில் மூன்று வயர்களை மாட்டினாள். அதில் இரண்டை இடம் மாற்றி மாட்டிவிட்டாள். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியது.

"போச்சு, ரிவர்ஸ்ல போகுது," என்றான் இன்பராஜ்.

கரும்பலகையில் என் வரையறை கடைசி எழுத்திலிருந்து அழியத் தொடங்கியது. தேய்ந்த சாக்பீஸ் என் விரல்களுக்கிடையே முழுதாக வளர்ந்தது. சத்துணவுக் கூடத்தில் சாதம் அரிசியானது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் வழக்கமாக, "தள்ளு, நான் மாட்டுறேன்" என்பேன். இன்று சொல்லவில்லை. என்னிடம் பேச்சைவிட மௌனம்தான் அதிகம். அதை வகுப்பில் பயன்படுத்தலாம் என்று தோன்றியதே இல்லை.

கடிகாரம் பத்தரைக்குத் திரும்பியது. மூன்று மாணவர்களுக்கு மீசை உள்ளே போனது.

"சொல்லிக் குடுங்க சார், பாவம்," என்றார் லூர்துமேரி.

"சும்மா இருங்க மேடம். அவளே சொல்லட்டும்," என்றான் இன்பராஜ்.

அஃப்ரின் வயரைப் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள்.

"சார், முன்னாடி சுத்தணும்னா இது தப்பு." கொஞ்சம் நிறுத்தினாள். "பின்னாடி சுத்தணும்னா இதான சார் சரி?"

"ஆமாம்," என்றேன்.

முள் இருநூற்று முப்பதைத் தாண்டியது. முந்நூறு. நானூறு. தெருவில் எல்லா வீட்டு மிக்சிகளும் தாமாக ஓடின. பெரியநாயகம் சார் முகம் தெரியாத வேகத்தில் பாடிக்கொண்டே சுற்றினார்.

"குறைங்க சார்! யாரையாவது திட்டுங்க!" என்று கத்தினார் லூர்துமேரி.

யோசித்தேன். ஒரு திட்டும் வரவில்லை.

லூர்துமேரி ஆணையை எடுத்தார். மோட்டார் இன்னும் எதிர்த்திசையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தாளில் வரிகள் கீழிருந்து மேலாக மறைந்தன. கடைசியாக என் பெயர் போனது. வெற்றுத் தாளை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"பத்தொம்பது வருஷமா அளக்குறேன். கம்பிக்குள்ள என்னதான் சார் ஓடுது?"

யாரும் சிரிக்கவில்லை.

"இங்க வாங்க மேடம்," என்று அஃப்ரின் தன் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, நகர்ந்து இடம்விட்டாள்.