மூணாவது உழக்கு

பூ மார்க்கெட் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்ததும் இருளாயி தலையிலிருந்த மல்லிகைக் கூடையை அப்படியே நழுவவிட்டாள். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற எழுத்துக்குக் கீழே சோலையக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். போன சனிக்கிழமை ஏன் வரவில்லை என்று இவள் முணுமுணுத்தது இப்போது நெஞ்சைக் குத்தியது.

ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் மஞ்சப்பை நிறைய அரிசியோடு வந்து நின்ற மனுஷி. சொந்தமில்லை, பந்தமில்லை. இருளாயியின் புருஷன் சங்கிலி குடித்துவிட்டு லோடு வண்டி ஓட்டி, அழகர்கோவில் ரோட்டில் ஒரு பையனைச் சாகடித்துவிட்டு ஜெயிலுக்குப் போயிருந்த நேரத்தில்தான் முதலில் வந்தாள். கூடப்பிறந்தவர்களே முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போது ஆரம்பித்த பை, சங்கிலி வெளியே வந்த பிறகும் நிற்கவில்லை.

“எனக்கு எதுக்குக்கா இம்புட்டு?” என்று கேட்டால், “இது என் மகன் பங்குடி, வாங்கிக்க” என்பாள்.

மகன் துபாயில் கைநிறையச் சம்பாதிக்கிறான் போல என்று இருளாயி தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். “உங்க மகன் நூறு வருசம் இருக்கணும்க்கா” என்று வாரம் தவறாமல் வாயார வாழ்த்தினாள். சோலையக்கா மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. “ஆமென்” என்பாள், அவ்வளவுதான்.

போஸ்டரில் இருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு கே.கே. நகர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் சோலையக்காவின் புருஷன் மருது, ரிட்டயர்டு கண்டக்டர்.

“பூ மார்க்கெட்டுல அக்காவைப் பழக்கம்ங்கய்யா. சனிக்கிழமையானா அரிசி கொண்டாந்து குடுப்பாங்க.”

“உள்ள வாம்மா.”

உள்ளே நுழைந்து நிமிர்ந்தவள் நிமிர்ந்தபடியே நின்றாள். சுவரில் சோலையக்காவின் புதுப்படம். பக்கத்தில் ஒரு பையனின் பழைய படம்.

அந்த முகத்தை அவள் மறக்கவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போன அன்று போலீஸ் ஸ்டேஷன் எதிர்ச்சுவரில் இதே படம்தான் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருந்தது. கைப்பிள்ளையோடு ரெண்டு நாள் அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். பெயர்கூட நினைவிருக்கிறது, தமிழ்மாறன்.

செத்துப்போன பிள்ளைக்கா நூறு வயசு கேட்டோம்! அதற்கா அந்த மகராசி ஆமென் சொன்னாள்!

மருதுவுக்கு இதொன்றும் தெரியவில்லை. மேசை மேலிருந்த மஞ்சப்பையைக் காட்டினார்.

“அப்ப இது ஒனக்குத்தானா? மகன் போன பொறவும் எம் பொண்டாட்டி மூணு பேருக்குத்தான் அரிசி அளப்பா. ‘ரெண்டு பேருக்கு எதுக்குடி மூணு உழக்கு’ன்னு சத்தம் போடுவேன். மூணாவது உழக்கைப் பையில போட்டுக்குவா. சர்ச்சுக்குன்னு நெனச்சேன். பாஸ்டரைக் கேட்டா அங்க வரலேங்குறாரு. அவ போன நாள்லருந்து நானும் அளந்து வச்சுட்டு வாரேன், யாருக்குன்னே தெரியாம.”

பையை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வாரமும் கிடைத்திருக்கும். ஆனால் ஒன்பது வருடம் தின்ற சோறு மொத்தமும் தொண்டைக்கு வந்து நின்றது.

“அய்யா... நான் சங்கிலி பொண்டாட்டி.”

மருது கோர்ட்டில் வருடக்கணக்காகக் கேட்ட பெயர் அது. நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

“அவளுக்குத் தெரியுமா?”

“அக்காவாத்தான்யா என்னையத் தேடி வந்தாங்க. எனக்குத்தான் தெரியாமப் போச்சு.”

மருது மனைவியின் படத்தின் பக்கம் திரும்பினார். “அடிப்பாவி! என் கையாலயே அளக்க வச்சுட்டியேடி!” என்று கத்தினார். பையோடு உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

இருளாயிக்கு ஓடவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை. அடிக்க வந்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றாள். வெகுநேரம் கழித்துக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

முகம் கழுவி வெளியே வந்தார். பை கையில் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலேயே கொடுத்தார்.

“அவ அளந்ததை நான் நிறுத்த மாட்டேன். சனிக்கிழமை வந்து வாங்கிக்க. ஒம் புருசன் மட்டும் இந்தத் தெருப் பக்கமே வரக் கூடாது.”

தலையாட்டிவிட்டு வாசற்படி இறங்கினாள்.

“இந்தாம்மா.”

திரும்பினாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவன் வரக் கூடாதுன்னு இப்போதைக்குத்தான் சொல்றேன்.”