பிச்சியே குடுங்க

பாண்டிச்செல்விக்கு அன்று காலையில் எது கனவு, எது நிஜம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் திரும்புகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கண் திறந்துதான் இருக்கும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் சத்தமே இல்லாமல் மிதந்து போகும். பிள்ளைப்பாக்கம் வயலில் கொக்குகள் வரிசையாக நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அவையும் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு அவளோடு லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்க ஆரம்பித்துவிடும். பென்னலூர் ஸ்டாப்பில் டிரைவர் ஹாரன் அடித்தபோது, கடைசியில் நின்ற கொக்கு இன்னும் இரண்டு ஸ்க்ரூ பாக்கி வைத்திருந்தது. அதை முடித்துக் கொடுத்துவிட்டு இறங்கலாமா என்று அவள் யோசித்தாள் என்றால் பாருங்கள்.

அன்று தூங்கிவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை. மத்தியானம் சந்திரம்மாள் வருகிறார்.

சந்திரம்மாள் சண்முகசுந்தரத்தின் அம்மா. சண்முகசுந்தரம் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவன், ஊர் கோவில்பட்டி. இவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தன் போனில், “இங்ஙனதான் நிக்கேன்” என்று சொன்னதைக் கேட்டு இவள் திரும்பிப் பார்த்தாள். ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் யாரும் திரும்பத்தான் செய்வார்கள். அவனும் பார்த்தான். அப்புறம் நடந்ததெல்லாம் வழக்கமாக நடப்பதுதான்.

இவள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் போனிலேயே சரி என்றுவிட்டார்கள். முடிச்சு சந்திரம்மாளிடம் இருந்தது. அவருக்குத் தன் அண்ணன் மகளை எடுக்க வேண்டும் என்று ஆசை. அதைவிடப் பெரிய மனத்தாங்கல், பெண் ராத்திரி வேலைக்குப் போகிறாள் என்பது. ராத்திரி வெளியே நிற்கிற பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று ஊரெல்லாம் கேட்டார். பதில் சொன்னவர்களைத் திட்டவும் செய்தார். மகன் விடாமல் பிடித்த பிடியில், குன்றத்தூரில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்கு வந்தவர், ஊருக்குத் திரும்புகிற அன்று மத்தியானம் ஒரு எட்டு வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். அதையும் இவளிடமே போனில் நேராகச் சொன்னார்.

“பாக்கேன். மனசுக்குப் பட்டா பூ வைப்பேன். படலைன்னா காப்பியக் குடிச்சிட்டு எந்திரிச்சிருவேன். அப்புறம் என்னைய யாரும் ஒண்ணும் கேக்கப்பிடாது.”

பையனைப் பெற்றவள் தன் கையால் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் எந்த அண்ணன் மகளும் குறுக்கே வர முடியாது. பூவையும் அவரே சொல்லிவிட்டார்: பிச்சிப்பூ. கட்டின சரம் வேண்டாம், உதிரியாக வாங்கி வைக்க வேண்டும். வைப்பதானால் தன் கையால் கட்டித்தான் வைப்பார்.

பாண்டிச்செல்வி முந்தின நாள் சாயங்காலமே பூவுக்குச் சொல்லிவிட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கலைமதி என்று ஒருத்தி பூக்கடை வைத்திருக்கிறாள். வாட்ஸ்ஆப்பில் குரல் அனுப்பினால் போதும், ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிடுவாள். ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இவள் அனுப்பினாள்: பிச்சிப்பூ வேணும்க்கா, உதிரியா, நெறையா, ஒரு அம்மா வாராங்க, ரொம்ப முக்கியமானவங்க. கலைமதியும் பொறுப்பான பெண்தான். எல்லாமே பிச்சியே குடுத்துடட்டா என்று திருப்பிக் கேட்டாள். ஆமாக்கா, பிச்சியே குடுங்க என்று இவள் உறுதி சொன்னாள். இரண்டு பேருக்கும் அப்பாடா என்று இருந்தது.

அறையில் கூட இருக்கும் பெண்கள் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். பாண்டிச்செல்வி கூட்டினாள், துடைத்தாள், குளித்தாள், பச்சைப் புடவையைக் கட்டினாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து நின்றுகொண்டே தலை பின்னினாள். சுவர் இரண்டு தடவை கிட்டே வந்துவிட்டுத் திரும்பிப் போனது. பாலைக் காய்ச்சும்போது பொங்கி வந்த நுரையில் கொஞ்ச நேரம் வயலும் கொக்கும் தெரிந்தன.

சந்திரம்மாள் வந்தார். பின்னால் சண்முகசுந்தரம், பரீட்சை எழுத வந்தவன் முகத்தோடு. அவர் ஒல்லியான மனுஷி; துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து அறையை ஒரு சுற்று பார்த்தார். என்ன சம்பளம், என்ன சாப்பாடு, எத்தனை பேர் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கடைசியில், ராத்திரி முழுக்க என்ன வேலை என்று கேட்டார். நின்றுகொண்டு ஸ்க்ரூ முடுக்குவது என்று பாண்டிச்செல்வி சொன்னாள். உட்காரவே கூடாதா என்றார். லைன் ஓடுகிறவரை கூடாது என்றாள். அவர் ம் என்றார். அந்த ம்-மில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. காபியைக் கையில் கொடுத்தாள். அவர் மெதுவாகக் குடிக்க ஆரம்பித்தார். அவர் குடிக்கக் குடிக்க இவள் வாசலையே பார்த்தாள்; பூ இன்னும் வந்து சேரவில்லை.

அந்த நேரத்தில்தான் படியேறி வந்தாள் கலைமதி. இரண்டு கையிலும் பெரிய பெரிய பிளாஸ்டிக் பைகள். பாண்டிச்செல்விக்கு உயிர் வந்தது. வாங்கி, தயாராக வைத்திருந்த தாம்பாளத்தில் அப்படியே கொட்டினாள்.

கொட்டியது பூ இல்லை. இதழ். ரோஜாவைப் பிய்த்த சிவப்பு, சாமந்தியைப் பிய்த்த மஞ்சள், சம்பங்கியைப் பிய்த்த வெள்ளை. தாம்பாளம் நிறைந்து, பாயில் வழிந்து, சந்திரம்மாளின் முழங்கால் வரை வந்து நின்றது. இது கனவாகத்தான் இருக்க வேண்டும் என்று பாண்டிச்செல்வி முழு நம்பிக்கையோடு கண்ணை மூடித் திறந்தாள். இதழ்கள் அப்படியே இருந்தன.

பிச்சி எங்கேக்கா என்று கேட்டாள்.

கலைமதிக்குக் கோபம் வந்தது. “இன்னாம்மா, நீங்கதான சொன்னீங்கோ, எல்லாம் பிச்சியே குடுன்னு? யாரோ பெரிய அம்மா வராங்கோ, மேல தூவப் போறீங்கோன்னு நென்ச்சேன். காலையிலேர்ந்து நானும் எங்கம்மாவும் குந்திக்கினு அத்தினி பூவையும் பிச்சிகீறோம். வெரலைப் பாரு.”

விரலை நீட்டிக் காட்டினாள். நிஜமாகவே சிவந்திருந்தது.

சந்திரம்மாள் இதழ்களைப் பார்த்தார், கலைமதியின் விரலைப் பார்த்தார். பிச்சி என்று ஒரு பூவே இருக்கிறது, மொட்டு நீளமாக, மேலே லேசாகச் சிவப்போடியிருக்கும் என்றார். அப்படி ஒன்று தன் கடையிலும் கிடையாது, மார்க்கெட்டிலும் கிடையாது என்று கலைமதி அடித்துச் சொன்னாள். சுபகாரியத்துக்கு வைத்த தாம்பாளத்தில் பிய்த்துப் போட்ட பூ. பாண்டிச்செல்விக்குத் தலை நிமிரவில்லை. சண்முகசுந்தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா கையைக் காட்டினார், மூடிக்கொண்டான்.

சந்திரம்மாள் மிச்சக் காபியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கலைமதியிடம், “ஒன் வண்டியில எடமிருக்கா?” என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். சண்முகசுந்தரம் பைக் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். சொன்ன மாதிரியே செய்துவிட்டார். பாண்டிச்செல்வி போனைச் சார்ஜில் போட்டாள். திரும்பி வந்தாலும் வரலாம் என்று கதவைத் திறந்தே வைத்தாள். நின்று நின்று பார்த்தாள். கால் இரண்டும் வீங்கி, ஷூ அழுத்தின தடம் கணுக்காலைச் சுற்றி இன்னும் போகவில்லை. கொஞ்சம் உட்காரலாம், தூங்க வேண்டாம் என்று சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

கொக்குகள் காத்துக்கொண்டிருந்தன. வயல் முழுக்க இதழ்கள் மூடியிருக்க, அவை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்து மறுபடி பூவாக முடுக்கிக்கொண்டிருந்தன. நடுவில் நூல் இழுக்கிற சத்தம் கேட்டது. யாரோ, “அசங்காத” என்றார்கள். அவள் அசங்கவில்லை. அவ்வளவு நல்ல தூக்கம் அவளுக்கு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வாய்த்ததில்லை. பிச்சி வாசம் வேறு வந்தது. கனவுக்குள் கடைசியில் பூ வந்து சேர்ந்துவிட்டதே என்று தூக்கத்திலேயே சந்தோஷப்பட்டாள்.

விழித்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. காபி டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பாயில் சிந்திய இதழ்களை யாரோ கூட்டி அள்ளித் தாம்பாளத்திலேயே போட்டிருந்தார்கள். அறையில் ஒருவரும் இல்லை.

வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் வந்தபோது இவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தூங்கினாள் என்று கோவில்பட்டியில் இனி பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். ராத்திரி வேலைக்குப் போகிறவள் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று கேட்ட மனுஷிக்கு இவளே பதில் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பாண்டிச்செல்வி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சண்முகசுந்தரத்தைத் தவிர வேறு யாரோடும் வாழ முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதை அவனிடமே இன்னும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அழுதாலும் ஷிப்டுக்குப் போக வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னலைச் சுருட்டிக் கொண்டை போடக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. குளிர்ச்சியாக, ஈரமாக, நெருக்கமாகக் கட்டின பூ. பின்னலின் தலைப்பிலிருந்து இரண்டு தோளுக்கும் வழிந்திருந்தது. முன்னால் இழுத்துப் பார்த்தாள். நீள மொட்டு, மேலே லேசான சிவப்பு.

போன் அடித்தது. செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து சந்திரம்மாள். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. எடுத்ததும் கலைமதியைப் பற்றித்தான் பேசினார். கடையில் கூடை நிறையப் பிச்சியை வைத்துக்கொண்டே இல்லை என்று சாதித்தாளாம். இதுதானே என்று எடுத்துக் காட்டினால், இது ஜாதிமல்லி என்கிறாளாம். உட்கார்ந்து கட்டுவதற்குள் நேரம் ஆகிவிட்டது, வண்டியைப் பிடிக்க ஓடிவர வேண்டியதாயிற்று என்றார்.

“என்னைய எழுப்பியிருக்கலாம்லா அத்தை” என்றாள் பாண்டிச்செல்வி.

“எழுப்புனா கும்பிடுததுக்கு எந்திரிப்ப. ஒன் காலப் பாத்தேன் தாயி. ராத்திரி பூரா நின்ன காலு. அதப் போயி எந்திரின்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

பாண்டிச்செல்வி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் வேலைக்குப் போகிறாயா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள். கொஞ்சம் தயங்கி, லைனுக்குள் பூ வைக்க விட மாட்டார்கள், வாசலிலேயே எடுத்துவிடச் சொல்வார்கள் என்றும் சொன்னாள். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று இருந்தது. அந்தப் பக்கம் ஒரு ரயில் தடதடவென்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

“அதுக்கென்ன. எடுத்துத் தண்ணி தெளிச்சி வச்சிட்டுப் போ. காலையில வந்து வச்சுக்கோ. நான் வச்சது வச்சதுதான்.”

வண்டி வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார். பாண்டிச்செல்வி ஈரத்துணியை விரித்து, பூவைக் கழற்றி அதில் வைத்துச் சுற்றினாள். கம்பெனி பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சண்முகசுந்தரத்துக்குப் போன் போட்டு, அதுவரை சொல்லாத அந்த ஒன்றைச் சொன்னாள்.