இளஞ்சிவப்பாக மாறிய குழாய்

ஆய்வகத்தில் அவளைக் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் தவறவிடும் கிருமியும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அன்று காலை அந்தக் கண்ணுக்கே குழப்பம் வந்தது.

விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும் ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து வளர்த்த கிருமி. பிளேட்டில் ஊசிமுனைப் புள்ளிகளாக முளைத்திருந்தது. திறந்த மேசையில் வைத்தே மூடியை எடுத்தாள். சில கிருமிகள் வாசனையிலேயே தங்களைக் காட்டிக்கொடுக்கும். அந்தப் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகரக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எப்போதாவது செய்வதுதான்.

பிறகு ஸ்லைடில் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். பொடிமணலைத் தூவியதுபோல் மங்கலாகக் கிடந்தன. மூச்சில் ஏறித் தொற்றும் ஒரு கிருமி இப்படித்தான் தெரியும் என்று படித்தது நினைவுக்கு வர, அவள் கை வயிற்றுக்குப் போனது.

அந்த வயிற்றில் மூன்றாம் மாதம். முதல் கரு நிற்காமல் போனதால், இந்த முறை கணவனைத் தவிர யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரர் 'ரேடியோ'. வாய் ஓயாததால் அந்தப் பெயர். கிருமியின் பெயரைச் சொல்லும் இயந்திரத்தில் மாதிரியை வைத்தவர் அவர்தான்.

"கழுகு, பயந்துட்டியா? சும்மா மண்ணுல தண்ணியில கெடக்குற பூச்சியாம். மெஷினே சொல்லிடுச்சு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெயரை அப்படியே எழுதி அனுப்பிவிட்டால் போதும். ஆனால் கை எழுதவில்லை. தலைமை மருத்துவரை அழைத்தாள்.

மேடம் ஸ்லைடைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மெஷினுக்குத் தெரிஞ்ச முகம் கொஞ்சந்தாம்மா. தெரியாத ஆளு வந்தா, ஜாடை ஒத்த சொந்தக்காரன் பேரைச் சொல்லிடும்."

வார்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. "மாட்டுப் பண்ணையில வேலையாம். அங்க மாடெல்லாம் கன்னு கலைஞ்சு கலைஞ்சு விழுதாம். இவருதான் வெறுங்கையால எடுத்துப் போட்டிருக்காரு. புரூசெல்லாவா இருக்கும், மாட்டுலேருந்து மனுஷனுக்குத் தொத்துற கிருமி."

கன்று கலைந்து விழுகிறது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் முகக்கவசம் போட்டு, கண்ணாடித் தடுப்புள்ள பாதுகாப்புப் பெட்டிக்குள் கைவிட்டு, மஞ்சள் மருந்து நிரம்பிய சிறு குழாயில் கிருமியைக் கலந்தார். மஞ்சளாகவே நின்றால் ஆபத்தில்லை. நிறம் சீக்கிரம் மாறினால் சந்தேகம் உறுதி. 'மாறாதே, மாறாதே' என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். மஞ்சள் முதலில் கலங்கியது. அப்புறம் இளஞ்சிவப்பு மெல்ல ஏறி, குழாய் முழுக்கப் பரவியது.

"இந்தப் பிளேட்டை யாரு திறந்தது?"

"நான்தான் மேடம். முகர்ந்தும் பாத்துட்டேன்." அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேடம்... நான் முழுகாம இருக்கேன்."

ரேடியோ நின்றுபோனது. மேடம் திட்டவில்லை.

"பயப்படாதேன்னு சொன்னா அது பொய். ஆனா இன்னைக்கே தெரிஞ்சுடுச்சு, அது நல்லது. இதுக்கு மாத்திரை இருக்கு. வயித்துப் பிள்ளைக்கு ஆகாத மாத்திரையும் அதுல இருக்கு. அதனால பிரசவ டாக்டரை இப்பவே போய்ப் பாக்குறோம். செருப்பை மாட்டு."

மாத்திரையோடு வீடு திரும்பியவளைக் கண்டதும், குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் கணவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டான். சொல்லி முடித்ததும் கத்தினான்.

"உன்னை யாரு அதை மோந்து பாக்கச் சொன்னா?"

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். அவன் கோபம் அடுத்த மூச்சிலேயே வடிந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்குக் கை நடுங்குது, பாரேன்," என்று நீட்டிக் காட்டினான். இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலை வெப்பமானிதான். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சாகப் போனது; அதற்கும் பயந்தாள். முதுகு வலித்தால் பயம், வலிக்காவிட்டால் ஏன் வலிக்கவில்லை என்று பயம். ஒரு மாலை உடம்பு சுட்டது. வேலை முடிந்து வந்த கணவன் அப்படியே அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்.

அவளுடைய ரத்தம், கிருமி முளைக்கிறதா என்று பார்க்கும் பாட்டிலில், அவளுடைய ஆய்வகத்துக்கே போனது. தினமும் ரேடியோவிடமிருந்து போன் வரும். "ஒண்ணும் முளைக்கலம்மா." அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் அத்தனை சுருக்கமாகப் பேசியதே இல்லை. கடைசி நாளில்தான் பழைய குரல் திரும்பியது. "பாட்டிலு காலி மைதானம்மா! உனக்கு வந்தது வெறும் சளிக் காய்ச்சல். அதுக்கு எங்க எல்லாரையும் கொன்னுட்டியே!"

அவள் போனைப் பிடித்தபடியே அழுதாள்.

பண்ணைக்காரர் சரியான மருந்து கிடைத்துத் தேறினார். அவர் மனைவி நன்றி சொல்ல ஆய்வக வாசல்வரை வந்தாள். கழுகின் வயிற்றைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயே, நல்லபடியா பெத்தெடு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரத்தச் சோதனைகள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. எதிலும் எதுவும் இல்லை. ஆனாலும் பிரசவ அறையில், மகள் பிறந்து வீறிடும்வரை அவள் எதையும் நம்பவில்லை. வீறிட்ட பிறகும், "இன்னொரு தடவை அழ வைங்க சிஸ்டர்," என்று கேட்டாளாம்.