கத்தாத குட்டிகள்

கால்நடை டாக்டரம்மா இரத்தம் எடுக்க ஊசியைக் குத்தினார். பன்றிக்குட்டி கத்தவில்லை. காதை ஒருமுறை ஆட்டிவிட்டு, வேறு யாருக்கோ நடக்கிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது. இவருக்கும் பஞ்சுக்கைதான் போலிருக்கிறதே!

பஞ்சுக்கை என்பது, வலி தெரியாமல் ஊசி குத்துகிறாள் என்று அவளுக்கு மற்றவர்கள் வைத்த பட்டம். அந்தப் பன்றிப் பண்ணையில் பால் மறந்த குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுவது மூத்த மருமகளான அவள் வேலை. சும்மா தூக்கினாலே கூரையைப் பிய்க்கிற மாதிரி கத்துகிற ஜென்மங்கள், கொஞ்ச காலமாக அவள் கையில் மட்டும் சாதுவாக இருந்தன. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயர் வாங்கிய ஒரே விஷயம் அதுதான். உச்சி குளிர்ந்துதான் போயிருந்தாள்.

மழை விட்டதும் குட்டிகள் இருமத் தொடங்கின. எந்த நோய் வரக்கூடாது என்று ஊசி போட்டாளோ அதே நோய் வந்தது. காலையில் கொட்டகைக் கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. மூலையில் ஒன்றாவது செத்து விறைத்துக் கிடக்கும். டாக்டரம்மாவை வரவழைத்து இரத்தம் எடுத்தது அப்போதுதான். தீவனப் பொறுப்பைப் பார்க்கும் கொழுந்தன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பேச்சை எடுத்தான்.

"குத்தினா கத்தணும்ல அண்ணி? ஒண்ணுகூட கத்தலையே. மருந்து உள்ளயே போகல. தோலுக்கு வெளிய வழிஞ்சிருக்கு."

எதைப் பெருமை என்று வைத்திருந்தாளோ அதையே எடுத்து அவள் தலையில் போட்டான். அவள் புருஷன், "அவன் சொல்றதுலயும் ஒரு…" என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் மீதியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். ஆனாலும் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு வெளியாளை வைத்து ஊசி போடுவது என்று முடிவாகிவிட்டது. மறுநாள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதாள். நிஜமாகவே மருந்து வெளியே வழிந்திருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கே வந்துவிட்டதுதான் கொடுமை.

இரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா மறுபடி வந்தார்.

"ஊசி ஒழுங்காத்தான் போட்டிருக்கு. மருந்து உள்ள போன அடையாளம் ரத்தத்துல லேசா இருக்கு. அதுக்கு மேல எதிர்ப்பு சக்தி வளரவே இல்ல. அன்னைக்கே யோசிச்சேன், நான் குத்தினதுக்கும் அந்தக் குட்டி ஏன் கத்தலன்னு. தெம்பு இருந்தாத்தானே கத்தும்? என்ன போடறீங்க தின்ன?"

கொழுந்தனுக்குச் சுருக்கென்றது. "தீவனத்த மட்டும் கொற சொல்லாதீங்க டாக்டர். முதல் தரமான மக்காச்சோளம்." மூட்டையை அவிழ்த்தே காட்டினான். அவன் சொன்னதில் பொய் இல்லை. மணி மணியாக இருந்தது.

தீவன நேரம் வந்தது. மூட்டையெல்லாம் கொட்டி வைக்கும் உயரமான தகர டேங்கின் வயிற்றில் மரக்கட்டையால் டம் டம் என்று அடித்தான். தினமும் அடிப்பான். சுவரில் ஒட்டியதை ஒரு பருக்கை விடாமல் உதிர்த்துவிடுவது அவன் சாமர்த்தியம். பொலபொலவென்று தீவனம் கொட்ட, நடுவே கட்டிகளும் விழுந்தன. அவற்றைப் பொறுக்கித் தார்ப்பாயில் போட்டான்.

"இத வெயில்ல காயவச்சு, நுணுக்கி, குட்டிங்களுக்குப் போடுவேன். மெத்துனு இருக்கும், சின்ன வாயிக்கு நல்லது."

டாக்டரம்மா ஒரு கட்டியை உடைத்தார். உள்ளே பச்சையும் சாம்பலுமாகப் பூத்திருந்தது. நனைந்த சாக்கின் வாடை அடித்தது.

"மழைத் தண்ணி மேல்மூடி வழியா எறங்கியிருக்கு. வெயில்ல பூஞ்சை செத்துடும். அது விட்டுட்டுப் போன விஷம் சாகாது. தின்ன தின்ன, நோயோட சண்ட போடற சக்தியையே அது படுக்க வச்சிடும். அப்புறம் எவ்வளவு நல்ல ஊசி போட்டும் பிரயோஜனம் இல்ல."

கொழுந்தன் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான். அது உருண்டு போனதை எடுக்கக்கூட இல்லை. குட்டிகள்மேல் அவனுக்கு இருந்த பிரியம் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவளுக்குச் சந்தோஷமும் முழுசாக வரவில்லை.

டேங்கைக் காலி செய்து, உள்ளே இறங்கிச் சுரண்டியாக வேண்டும். மேல்வாய் குறுகல். கொழுந்தன் தலையை விட்டான், தோள் மாட்டிக்கொண்டது.

"அண்ணி… உங்களால முடியும்னு நெனைக்கிறேன்."

டாக்டரம்மா கொடுத்த முகமூடியைக் கட்டிக்கொண்டு அவள் இறங்கினாள். கரண்டியால் சுரண்டச் சுரண்ட, அடக்கி வைத்ததெல்லாம் வாயில் வந்தது.

"தோலுக்கு வெளிய வழிஞ்சுதா? யாரு கைய கொற சொன்ன நீ? உங்கண்ணன் வேற ஒத்து ஊதறாரு!"

தகரத்துக்குள் அவள் குரல் ஒன்றுக்குப் பத்தாக எதிரொலித்தது. விளக்கைப் பிடித்து நின்றவனால் ஓடவும் முடியவில்லை.

"திட்டுங்க அண்ணி. நானே என் கையால தின்னக் குடுத்துட்டேன்" என்றான். அவள் கரண்டியை மறுகைக்கு மாற்றினாள். "விளக்க இந்தப் பக்கம் திருப்பு, தம்பி" என்றாள்.

அடுத்த ஈற்றுக் குட்டிகள் பால் மறந்தபோது வெளியாள் யாரும் வரவில்லை. மருந்துப் பெட்டியைக் கொழுந்தனே கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். டேங்குக்குப் புது மூடி. கட்டிகள் தார்ப்பாய்க்குப் போகாமல் குழிக்குப் போயின. உடம்பு இந்த மருந்தை வாங்கிக்கொள்கிறதா என்பது இனி இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அவன் முதல் குட்டியைத் தூக்கிக் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் ஊசியைக் கையில் எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், காது கிழிய ஓர் அலறல் கிளம்பியது. கூண்டிலிருந்த மற்றவையும் சேர்ந்துகொண்டன. எதிரே நின்ற அவள் புருஷன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இன்னும் ஊசியே படல அண்ணி!" என்று கொழுந்தன் கத்திச் சொன்னான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசியை ஏந்தியபடியே நின்றாள். உதைத்து, நெளிந்து, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது குட்டி.

"கொஞ்சம் இரு," என்றாள். "கத்தட்டும்."