மூடியோடு ஒரு டேபிள் சா

தோப்பும்படியில் செல்லதுரையின் மெஷின் கடைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே சுபாஷிணிக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. மரம் அறுக்கிற டேபிள் சா வாங்க வந்தவள் அவள். எது வேண்டும், எதற்கு வேண்டும் என்று மழைக்காலம் முழுக்க யோசித்து முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். செல்லதுரையோ அவளுடைய கணவன் விஸ்வநாத்தை நாற்காலியில் உட்காரவைத்து, சாயா வரவழைத்து, "சாருக்கு எத்தனை இஞ்சு பிளேடு வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விஸ்வநாத் வில்லிங்டன் தீவில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். சுவரில் ஆணி அடிக்கவும் ஆள் தேடுகிறவன். "எனக்கில்லை, அவளுக்காக்கும்" என்றான்.

"அதுக்கென்ன சார், வீட்டுக்குத்தானே" என்று சிரித்தார் செல்லதுரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சியிலேயே தங்கிவிட்டவர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருந்தது.

சுபாஷிணி எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கையில் அடிபட்டு ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு, விரலை மறுபடி மடக்கவும் நீட்டவும் பழக்குவது அவள் வேலை. துளையில் கட்டையைச் செருகி எடுக்கிற பயிற்சிப் பலகைகள் கடையில் கிடைக்கும். எல்லாம் ஒரே அளவு. வலை பின்னுகிற கைக்கும் பரோட்டா வீசுகிற கைக்கும் ஒரே பலகை எப்படிப் போதும் என்று எரிச்சல் வந்து, மட்டாஞ்சேரி செரளாயில் தன் வீட்டின் பின்னறையை ஒழித்துப்போட்டுத் தானே செய்ய ஆரம்பித்தாள். ஒரு பலகைக்குக் கைரம்பம் போதும். டாக்டர்கள் பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்கவும், கட்டைகளை ஒரே கனத்தில் அறுக்க வேண்டியதாகிவிட்டது. அப்போதுதான் டேபிள் சா என்ற எண்ணம் வந்தது.

அவள் பேச்சைக் கேட்க யாரும் இல்லாததால் தானே மெஷின்களைப் பார்க்கத் தொடங்கினாள். வார்ப்பிரும்பு மேஜை வைத்த பெரிய மெஷினைக் கடந்து போனாள். கடல்காற்றில் அது துருப்பிடித்துவிடும், பின்னறைக் கதவுக்குள்ளும் நுழையாது. அலுமினிய மேஜையும் மடக்குகிற காலும் வைத்த ஒன்று பிடித்திருந்தது. மரத்தைச் சாய்த்துத் தள்ளுகிற ஓரச்சட்டத்தை இழுத்துப் பூட்டி, பிளேடின் முன்முனையிலும் பின்முனையிலும் டேப் வைத்து அளந்து பார்த்தாள். இடைவெளி இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

கடைப்பையன் என்று சொல்ல முடியாத வயதில் இருந்த ராமர் என்ற ஆள், அதே மாடல் மெஷினில் ஒரு பலகையை அறுத்துக் காட்டினான். தேனிப் பக்கத்துக்காரன். பிளேடு மேஜைக்கு மேல் மொட்டையாகச் சுற்றியது. அவன் கட்டைவிரல் அதற்குப் பக்கத்தில் போய் வந்ததைப் பார்த்ததும் சுபாஷிணி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நிறுத்துங்க. இதுக்கு மேல வர்ற மூடி எங்கே? பின்னாடி ஒரு தகடு நிக்குமே, அது எங்கே?"

ராமர் முதலாளியைப் பார்த்தான்.

"அதொண்ணும் ஆவசியமில்லை சேச்சி" என்றார் செல்லதுரை. "கம்பெனிக்காரன் சும்மா ஒரு இதுக்கு வைக்கிறான். ஆசாரிமார் வாங்கின அன்னைக்கே கழட்டி எறிஞ்சிருவாங்க. அது இருந்தா வேலை ஓடாது."

"அந்தத் தகடு இல்லைன்னா அறுத்த மரம் சேர்ந்து பிளேடைப் பிடிக்கும். பிடிச்சா மரம் திரும்பி ஆள் மேல பாயும், கை பிளேடுக்குள்ள போகும். அப்புறம் எங்கிட்டதான் வரணும் அண்ணாச்சி. வந்துண்டேதான் இருக்கா."

"சேச்சி பயப்படாதீங்க" என்றவர் விஸ்வநாத் பக்கம் திரும்பி, "லேடீஸுக்குக் கொஞ்சம் பேடி, பயம் இருக்கும் சார்" என்றார்.

மரத்தில் பள்ளம் வெட்டும்போது மூடியைக் கழட்டத்தான் வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். அதற்காக மூடியே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்? அந்த அலுமினிய மேஜை மெஷினை அடைத்த பெட்டியாக, உள்ளே எல்லாச் சாமானும் இருக்கிற மாதிரி சனிக்கிழமைக்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அழுத்திச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை பெட்டி வந்தது. மேல் ஒட்டுநாடாவின் கீழே பழைய நாடா கிழிந்த தடம் இருந்தது. சுபாஷிணி பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பையாக எடுத்துத் தரையில் வைத்தாள். ஓரச்சட்டம் இருந்தது, சாவிகள் இருந்தன, மரத்தைத் தள்ளுகிற குச்சிகூட இருந்தது. மூடியும் தகடும் இல்லை.

செல்லதுரையைக் கூப்பிட்டாள்.

"அது சாருக்குத் தெரியுமே சேச்சி" என்றார் அவர், ஆச்சரியப்பட்ட குரலில். "அன்னைக்கே போன்ல விளிச்சுக் கேட்டேன். இதுல அந்த ஐட்டம் இல்லை, அனுப்பலாமான்னு. சார் சாரமில்லை, பரவாயில்லைன்னு சொன்னார்."

போனை வைத்துவிட்டு அவள் முன்னறைக்குப் போனாள். விஸ்வநாத் பேப்பரை மடித்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"சனிக்கிழமைக்குள்ள வரணும்னு நீதானே சொல்லிண்டிருந்தே" என்றான். "வேற பெட்டி வர நாளாகும்னார். நீ பாவம் காத்துண்டிருப்பியேன்னு..."

"யாரோட மெஷின் அது?"

"உன்னோடதுதான்."

"யாரோட கை?"

அவன் மடித்த பேப்பரைக் கீழே வைத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா? கடைக்காரன் என்னை மனுஷியாவே பாக்கலை, அது போகட்டும். நீங்களும் அவரோட சேர்ந்துண்டு எனக்குப் பதிலா சாரமில்லைன்னு சொல்லியாச்சு. தினம் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து யார் கை என்ன ஆச்சுன்னு சொல்றேனே, அதெல்லாம் கேட்டேளா, இல்லை ரேடியோ மாதிரி பக்கத்துல ஓடிண்டிருந்துதா?"

"தப்புதான் சுபா."

"தப்புன்னா எழுந்திருங்கோ. திரும்பக் கொண்டுபோகணும்."

பக்கத்து வீட்டு அம்மிணி மதில் வழியாக எட்டிப் பார்த்து, "எந்தா சுபே, இப்போ வந்ததல்லே உள்ளூ?" என்று, வந்ததே இப்போதுதானே என்கிற அர்த்தத்தில் கேட்டாள். சுபாஷிணி நேராகத் தெருவுக்குப் போனாள். சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோவைக் கூப்பிட்டு மெஷினை ஏற்றினாள். டிரைவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். விஸ்வநாத் பின்னால் மெஷினைப் பிடித்துக்கொண்டு தோப்பும்படி வரை குலுங்கிக்கொண்டே வந்தான்.

கடையில் அன்று ஆசாரிகள் சிலர் நின்றிருந்தார்கள். செல்லதுரை முகம் சுருங்கி, "வேற பெட்டி எடுத்துத் தரேன், சத்தம் போடாதீங்க" என்று ராமரை ஏவினார். ராமர் அதே மாடலில் ஒரு பெட்டியைத் திறந்தான். மூடி இல்லை. இன்னொன்றைத் திறந்தான். அதிலும் இல்லை. மூன்றாவது பெட்டியைத் தொட்டதும் செல்லதுரை, "போதும், விடு" என்றார்.

"எல்லாத்துலயும் எப்படி இல்லாமப் போகும்?" என்று கேட்டாள் சுபாஷிணி. "இதையும் ஆசாரிமார் வந்து கழட்டி எறிஞ்சாங்களா?"

செல்லதுரை தலையைச் சொறிந்தார். கவுண்டருக்குப் பின்னால் ஆணியில், பிளாஸ்டிக் உறையில் புத்தம்புதிதாக ஒரு மூடியும் தகடும் தொங்குவதை அவள் அப்போதுதான் பார்த்தாள். மேலே ஒரு வாடிக்கையாளரின் பெயர் ஒட்டியிருந்தது.

"ஸ்பேரா விக்கறீங்க" என்றாள் மெதுவாக. "உடைஞ்சு போச்சுன்னு தேடி வர்றவங்களுக்குப் புதுப் பெட்டியிலேர்ந்து எடுத்துக் கொடுக்கறீங்க. பெட்டி வாங்க வர்றவங்களுக்கு அது ஆவசியமில்லைன்னு சொல்றீங்க. வேண்டாத சாமான்னா அது எப்படி அண்ணாச்சி வித்துப் போகுது?"

ஒரு ஆசாரி சிரித்துவிட்டார். "சேச்சி பறஞ்ஞது சரியாணல்லோ" என்று அவள் பக்கம் பேசினார். செல்லதுரை அவரைப் பார்த்து முறைத்தார்.

மூடி முழுசாக இருந்த ஒரே மாடல் மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. பார்க்க லட்சணமில்லாத மெஷின். மேஜை குறுகல், கனம் அதிகம், மடக்குகிற காலும் இல்லை. அந்த மாடலுக்கு ஸ்பேர் கேட்டு யாரும் வந்ததில்லை, அதனால் பெட்டி தப்பித்திருந்தது. சுபாஷிணி குனிந்து பார்த்தாள். பிளேடை ஏற்றினால் தகடும் கூடவே ஏறியது, இறக்கினால் இறங்கியது. ஓரச்சட்டத்தை அளந்தாள். பின்முனையில் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. திருகாணியைத் தளர்த்தி நேராக்க முடியும் என்று தெரிந்தது. அவள் அறுக்கப் போவது சின்னச் சின்னக் கட்டைகள்தான். குறுகிய மேஜை போதும்.

"இதை எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு. அந்த ஆணியில தொங்கறதை இந்த ராமர் அறுக்கற மெஷின்ல மாட்டணும். மாட்டினதைப் பார்த்துட்டுத்தான் போவேன்."

"அது வேற ஆளுக்கு எடுத்து வச்சது."

"அவருக்கு வரவழைச்சுக் கொடுங்க. இவர் தினம் கையை வைக்கற இடம் இது."

"சேச்சி, என் கடை, என் ஆளு. அது என் காரியம்."

"அவர் கை உங்க காரியமா?"

"எனக்குப் பழக்கமாச்சு அக்கா" என்று ராமர் முணுமுணுத்தான். அவனுக்குச் சங்கடமாக இருந்தது. தன்னை வைத்து முதலாளிக்குப் பகை வேண்டாம் என்று கெஞ்சுகிற முகம்.

அவள் மறுபடியும் சொன்னாள். செல்லதுரை பில் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். மறுபடியும் சொன்னாள். அவர் ஆசாரியிடம் வேறு ஏதோ பேசப் போனார்.

அதுவரை பெட்டி ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்த விஸ்வநாத் உள்ளே வந்தான். குரலை உயர்த்தவில்லை. "செல்லதுரை, அதை மாட்டச் சொல்லுங்கோ. இல்லைன்னா ரெண்டு மெஷினும் இங்கேயே இருக்கட்டும், நாங்க எறணாகுளத்துல வாங்கிக்கறோம்."

"அய்யோ, சார் சொன்னா மாட்டிரலாம்" என்றார் செல்லதுரை. "டேய் ராமர், எடுறா அதை."

உறை கிழிந்தது. ராமர் தகட்டைச் செருகி, திருகாணியை முறுக்கி, மூடியைப் பொருத்தினான். ஒரு பலகையை எடுத்து அறுத்தும் காட்டினான். மூடி பலகையின் மேல் ஏறி, தானாகப் படிந்துகொண்டது. ஆசாரி கிட்டே வந்து பார்த்தார்.

நடக்க வேண்டும் என்று அவள் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் சுபாஷிணிக்கு முன்பைவிட அதிகமாக உடம்பு எரிந்தது. அவள் மூன்று தடவை சொன்னாள். அதே வார்த்தையை இவன் ஒரு தடவை, நிதானமாகச் சொன்னான், உடனே ஸ்குரூடிரைவர் வந்துவிட்டது.

செல்லதுரை பில்லை நீட்டினார். விஸ்வநாத்தின் பெயர் இருந்தது.

"கிழிச்சுட்டு என் பேர்ல எழுதுங்க. என் போன் நம்பரும்."

"சார் பேர்ல இருந்தா என்ன சேச்சி?"

"ரிப்பேர்னா நான்தான் வரணும். இனிமே எது கேக்கறதானாலும் என்னைத்தான் விளிக்கணும்."

செல்லதுரை பழக்கதோஷத்தில் விஸ்வநாத்தைப் பார்த்தார். விஸ்வநாத் வேண்டுமென்றே தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு செல்லதுரை பில்லைக் கிழித்தார். "பேரு... சுபாஷிணி. மூணு சுழி 'ண'வா சேச்சி?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

திரும்பி வரும்போது பெட்டி ஆட்டோவில் பின்னால் அவளும் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த லட்சணமில்லாத மெஷின்.

"நான் பேசினது தப்பாயிடுத்தா?" என்றான் விஸ்வநாத்.

"இல்லை. பேசினதால ராமருக்கு மூடி கிடைச்சுது."

"பின்னே ஏன் இன்னும் கோபம்?"

"நீங்க பேசினாத்தான் கிடைக்கறதே, அதுக்கு."

அவன் கொஞ்சம் யோசித்தான். நியாயம் என்பது போலத் தலையாட்டினான். சமாதானமாக ஏதாவது சொல்லப் போகிறான் என்று எதிர்பார்த்து அவள் தயாராக இருந்தாள். பள்ளத்தில் வண்டி இறங்கியபோது மெஷின் அவள் பக்கம் சாயாமல் அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் ஓரச்சட்டத்தை நேராக்கி முடித்து, அவள் முதல் பலகையை வைத்தாள். தள்ளுகிற குச்சியால் மெல்லத் தள்ளினாள். சத்தம் அடங்கியதும் துண்டை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். நேராக இருந்தது. அடுத்த பலகையை எடுத்தாள்.