ஏழாம் நம்பர் கல்

“அக்கா, இந்தக் கல்லில என்ன எழுதியிருக்கு?”

சிவலட்சுமி அந்தக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த சேலையைப் பிழிந்து தோளில் போட்டாள். கமநலக் கந்தோரில் இருந்து குளத்து எல்லை அளக்க வந்த உத்தியோகத்தர் ஹம்சிகா, அளவு நாடாவும் பழைய வரைபடமுமாகக் கிணற்றடியில் குந்தியிருந்தாள்.

“அது சும்மா கீறல், பிள்ளை.”

ஹம்சிகா சவர்க்கார நுரையைக் கையால் வழித்துவிட்டாள். “கீறல் இல்லை. ஏழு. குளத்து எல்லைக்கல்.”

உயிலங்குளத்துக்கு அப்பால், ஒரு சின்னக் குளத்தின் கரையில் சிவலட்சுமிக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்திருந்தது. அத்திவாரம் போட்டாயிற்று. எல்லைக்கல்லில் இருந்து அறுபது மீற்றர் குளத்துக்கான ஒதுக்கு; அதற்குள் கட்டடம் கூடாது. அதற்கு வெளியே என்று ஹம்சிகா எழுதிக் கொடுத்தால்தான் சுவர் எழும்பும்.

ஹம்சிகா கல்லில் இருந்து அத்திவாரம் வரை நாடாவை இழுத்துப் பார்த்தாள். “பன்னிரண்டு மீற்றர்தான் வருது. வீடு ஒதுக்குக்குள்ள நிக்குது.”

“குளம் அங்கையெல்லோ கிடக்கு!”

“கல்தான் கணக்கு அக்கா, தண்ணி இல்லை.”

வேலி அடைத்துக்கொண்டிருந்த கணவர் செல்வநாயகம் ஓடிவந்து மனைவியின் காதுக்குள் சொன்னார்: “இஞ்சேர், வாயைத் திறவாத. எல்லைக்கல்லைக் கிளப்பினது குற்றமாம்.”

“திறக்காட்டி வீடு போகும்.”

“திறந்தா நான் போவன்.”

சிவலட்சுமி அவரையும் அத்திவாரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“பிள்ளை, உந்தக் கல் இஞ்ச நிண்ட கல் இல்லை. மீளக்குடியேறி வந்த வருசம் தோய்க்க ஒரு கல் இருக்கேல்ல. இந்தக் களிமண்ணுக்க கல்லுக்கு எங்க போறது? குளத்தடியில இது சும்மா நிண்டது. இவர் உருட்டிக்கொண்டு வந்திட்டார்.”

“சும்மா நிண்டதோ!” ஹம்சிகா தலையில் கை வைத்தாள். “சரி, ஆறாம் கல்லையும் எட்டாம் கல்லையும் காட்டுங்கோ. ரெண்டுக்கும் நேரா ஏழை வைக்கலாம்.”

செல்வநாயகம் நிலத்தைப் பார்த்தார். “ஆறு, றெபேக்கா ரீச்சர் வீட்டு வாசல்படி.”

“எட்டு?”

“அபூசாலி நானாவின்ர மாட்டுத் தொட்டிக்குக் கீழ.”

“அப்ப இந்தக் குளத்துக்கு எல்லையே இல்லையோ?”

“இருக்கு பிள்ளை. ஊருக்குள்ள இருக்கு.”

ஹம்சிகாவுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. வரைபடத்தைச் சுருட்டினாள். “செவ்வாய்க்கிழமை வாறன். முதல்ல இந்தக் கல் நிண்ட இடத்தில நிக்கவேணும். இண்டைக்கு நான் ஒண்டும் காணேல்ல.”

திங்கட்கிழமை செல்வநாயகமும் அபூசாலியும் ஏழாம் கல்லைக் கரைக்கு உருட்டினார்கள்.

“இஞ்சதான் நிண்டது,” என்றார் செல்வநாயகம், தண்ணீரில் கால் நனைய.

“அங்க வைச்சா மாரியில கல் நீந்தும்,” என்றாள் சிவலட்சுமி.

“இந்த மருத மரத்துக்குப் பக்கத்தில,” என்றார் அபூசாலி.

“அப்ப மருது இருக்கேல்லயே, நானா.”

“பின்ன நீ சொல்லன், எங்க?” என்றார் செல்வநாயகம்.

“நீங்கள் உருட்டேக்க மூண்டு தரம் நிண்டு என்னட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சனீங்கள். அவ்வளவு தூரம்.”

“ரெண்டு தரம்.”

“மூண்டு.”

இரண்டாகவும் இருக்கலாம் என்று அவளுக்கே பட்டது. அபூசாலிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் கல்லை விட்ட இடத்திலேயே குழி வெட்டி நட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஹம்சிகா நாடாவை இரண்டு முறை இழுத்தாள். “அறுபது மீற்றரும் ஒரு சாணும்.”

செல்வநாயகம் பெருமூச்சு விட்டார்.

“இதுதானே பழைய இடம்?” என்று ஹம்சிகா கேட்டாள்.

“ஓம்,” என்றார் அவர்.

“ஓமெண்டுதான் நினைக்கிறன்,” என்றாள் சிவலட்சுமி.

“நான் எதை எழுத, அக்கா?”

சிவலட்சுமி குளத்தைப் பார்த்தாள்.

“அவர் சொன்னதை எழுதுங்கோ, பிள்ளை.”

ஹம்சிகா எழுதிக் கையெழுத்து வைத்தாள். அவளுடைய மோட்டார் சைக்கிள் மறைந்ததும், சிவலட்சுமி ஊறவைத்த உடுப்புகளோடு கிணற்றடிக்குப் போனாள். கல் கிடந்த இடத்தில் வெளிறிய புல் மட்டும் இருந்தது.

“இஞ்சேருங்கோ, இனி எதில தோய்க்கிறது?”

செல்வநாயகம் வேலிப் படலைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“றோட்டுக்கரையில ஒரு கல் சும்மா நிக்குது…”